சேமிப்பும் அறமும்

வீடு என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நாம் குடியிருக்கும் இல்லத்தையும் அது குறிக்கும். பற்றுகளை விட்ட உயிர் எய்தும் விடுதலையையும் குறிக்கும். 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இஃது என்பர். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமைகளை இறக்கி விடும் இடம் ஆதலின் இல்லமும் வீடாயிற்று எனக் கொள்வதில் தவறில்லை. ஆயின், சிறு வருவாயில் பெருநகரத்தில் வாழும் குடும்பங்களைப் பார்க்கும்போது ஓர் ஐயம் எழுகின்றது. வீடு இவர்களுக்குச் சுமையை இறக்கும் இடமா? அன்றி, வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டிய சுமையே வீடாகி விட்டதா?

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மவர் வாழும் இடங்களில், அது டில்லியின் இராமகிருஷ்ணபுரமாக இருந்தாலும் கரோல் பாக்காக இருந்தாலும், மும்பையின் மாட்டுங்காவாக இருந்தாலும் செம்பூராக இருந்தாலும், இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். இன்னும் எத்தனை ஆண்டு வாடகை கொடுப்பது? ஒரு வீட்டையோ மனையையோ எப்போது வாங்குவது? சொந்த வீடு அமைந்துவிட்ட குடும்பங்களில் பேச்சு சற்றே மாறும். இன்னொன்று வாங்கிப் போட்டால் என்ன? இக் கேள்விகளுக்கு வங்கி அலுவலரும் வீட்டுத் தரகரும் விடை கூறுவர். அவர்கள் கூறாத விடை ஒன்று உண்டு. சிறு வருவாயில் மிச்சம் பிடித்துச் சொத்துச் சேர்ப்பது எந்த அளவு அறம், எந்த அளவுக்கு மேல் அறம் அன்று என்பதே அது. அதனை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

பொருளின் இடம்

பொருள் சேர்ப்பதைப் பழிக்கும் மரபு நம்முடையது அன்று. திருவள்ளுவர் தம் நூலின் மூன்று பால்களில் பொருட்பாலையே மிகப் பெரிதாக, 70 அதிகாரங்களில் அமைத்தார். அப்பாலில் பொருள் செயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்துப் பொருளின் வலிமையை விளக்கினார். அதே பாலில் நன்றியில் செல்வம் என மற்றோர் அதிகாரமும் உண்டு. சேர்த்து வைத்துத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் உதவாமல் கிடக்கும் செல்வத்தை அவர் அங்கே கடிகின்றார். இரண்டையும் ஒரே பாலில் வைத்தது நாம் கருதத்தக்கது. பொருளைச் சேர் என்று கூறியவரே, சேர்த்தது என்ன ஆயிற்று என்றும் கேட்கின்றார். இடையில் ஒரு கேள்வியை நம் காலத்தின் தேவை கருதி நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. சேர்த்தது எங்கிருந்து வந்தது?

பெருஞ்செல்வருக்கு இக் கேள்வி அவ்வளவாக உறுத்துவதில்லை. அவர் சேமிப்பு உண்டு உடுத்து எஞ்சியது. சிறு வருவாயினருக்கோ எஞ்சுவது என ஒன்று இல்லை. அவர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறொன்றுக்குச் சென்றிருக்க வேண்டியது. ஆகவே அவர்தம் சேமிப்பு ஒவ்வொன்றும் ஒரு தேர்வு; தேர்வு உள்ள இடத்தில் அறமும் உண்டு.

குடியிருக்கும் கூரை

முதலில், தான் குடியிருக்க ஒரு கூரையைத் தேடுவோர் நிலையைப் பார்ப்போம். டில்லிக்கு எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் வந்த தமிழர் பலர் அரசுக் குடியிருப்புகளில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தனர். பிள்ளைகள் அங்கே பிறந்தனர். முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவ் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அறுபது வயதில், வருவாய் பாதியாகும் நேரத்தில், இருப்பிடமும் போகின்றது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் ஊரில் அவர்களை அறிந்தவர் குறைந்துவிட்டனர். பிள்ளைகளோ இந் நகரத்தையே ஊராகக் கொண்டவர்கள்.

இந் நிலைக்கு அஞ்சியே பலர் முன்கூட்டிச் சேமித்தனர். 1979இல் டில்லி வளர்ச்சி ஆணையம் புதிய முறைப் பதிவுத் திட்டத்தை அறிவித்தபோது 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிந்துகொண்டனர். வீடு கைக்கு வர இருபது ஆண்டும் அதற்கு மேலும் காத்திருந்தவர் அவர்களுள் பலர். நண்பர்களும் உடன் பணியாற்றுவோரும் ஒன்றுகூடிக் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் அமைத்துப் பட்பர்கஞ்ச் பகுதியிலும் பின்னர்த் துவாரகையிலும் அடுக்ககங்கள் எழுப்பினர். இதனைப் பேராசை என்று கூற யாருக்கு மனம் வரும்? முதுமையில் பிறர் வாயிலில் நிற்கலாகாது என்னும் மானமே இச் சேமிப்பின் வேர். தன்னைப் பிறருக்குச் சுமையாக்காதிருத்தல் தனக்கும் செய்யும் அறம். தன் மக்களுக்கும் செய்யும் அறம்.

சிறுதுளியின் கணக்கு

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் பழமொழி. அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந் நாட்டில் 1882 முதல் உள்ளது. பொது வருங்கால வைப்பு நிதி 1968இல் சட்டமாயிற்று. ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டும் அக் கணக்கை நடத்தலாம். மாதச் சீட்டு நம் மக்கள் எங்குச் சென்றாலும் உடன் செல்வது. வழிகள் பல. அவற்றின் விளைவையும் மறைக்காமல் பார்க்க வேண்டும்.

மாதம் 40,000 ரூபாய் வருவாயுடைய ஒரு குடும்பம் பத்தில் ஒரு பங்காகிய 4,000 ரூபாயை எடுத்து வைக்கின்றது என்று கொள்வோம். நூற்றுக்கு ஏழு வட்டி மாதந்தோறும் கூடி வருமாயின், பத்தாண்டு முடிவில் கட்டிய 4 லட்சத்து 80 ஆயிரம் ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரமாகும். 30 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சிறு வீட்டுக்கு வங்கி மிகுதியாகப் பத்தில் ஒன்பது பங்கு கடன் தரக்கூடும். எஞ்சிய 3 லட்சத்தையும், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் முதலியவற்றையும் கையிலிருந்து போட வேண்டும். ஆகவே பத்தாண்டுச் சிக்கனம் வீட்டு வாயிலைத் திறக்கப் போதும். உள்ளே சென்று அமரப் போதாது. 27 லட்சம் கடனுக்கு, நூற்றுக்கு ஒன்பது வட்டியில் இருபது ஆண்டுத் தவணை என்றால், மாதம் 24,300 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கொடுத்த தொகை 58 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இப் பத்தாண்டில் வருவாய் உயர்ந்திருக்கலாம். வீட்டின் விலையும் உயர்ந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

இக் கணக்கு எவரையும் அச்சுறுத்தக் கூறியது அன்று. சேமிப்பு என்பது பத்தாண்டு நோன்போடு முடிவதில்லை, பின்னும் இருபது ஆண்டு தொடர்வது என்பதைக் காட்டவே கூறப்பட்டது. முப்பது ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து, படித்து, மணந்து, தானும் ஒரு குழந்தைக்குப் பெற்றோராகும் காலம். இவ்வளவு நீண்ட நோன்பை யார் நோற்கின்றனர் என்று கேட்பது கடமையாகின்றது.

யாருடைய பங்கு?

தன் ஆசையைக் குறைத்துச் சேமிப்பது சிக்கனம். தன் தேவையையே குறைத்துச் சேமிப்பது கருமித்தனம். இவ்விரண்டையும் நாம் பிரித்தறிவோம். மூன்றாவது ஒன்று உண்டு. அதற்குப் பெயரிட நாம் தயங்குகின்றோம். உடன் வாழ்வோரின் தேவையை அவர்களைக் கேளாமலே குறைத்து, அதனைத் தன் சேமிப்பு என்று கருதிக்கொள்வது அது.

நடப்பதை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவர் வீடு வாங்க முடிவு செய்கின்றார். மறுமாதமே செலவுகள் சுருங்குகின்றன. எவை சுருங்குகின்றன? பால் ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகின்றது. குறைந்த கால் லிட்டர் இல்லத்தரசியின் காப்பியிலிருந்தே குறைகின்றது. மகளின் இசை வகுப்பு நிற்கின்றது. மகனின் கல்விச் செலவு நிற்பதில்லை. அம்மாவின் கண்ணில் வளரும் புரை 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தள்ளப்படுகின்றது. தலைவரின் செய்தித்தாளும் நண்பர் கூட்டமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இல்லத்தரசி அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணமும் இறுதியில் முன்பணத்தோடு சேர்கின்றது. பத்திரத்தில் அதற்குக் கணக்கு இல்லை. டில்லியில் பெண்கள் பெயரில் பதிந்தால் முத்திரைத் தீர்வை குறைவு. அதனை எண்ணி மனைவியின் பெயரில் பதிவோர் உளர். தீர்வையைக் குறைக்க அவள் பெயர் வேண்டியிருக்கின்றது. எந்த வீடு, எத்தனை கடன், எதைக் குறைப்பது என்ற பேச்சில் அவள் சொல் வேண்டப்பட்டதா?

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உரிய மற்றொரு பங்கு உண்டு. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை முன்பு மணியார்டராகச் சென்றது. இன்று வங்கிக் கணக்கின் வழியே செல்கின்றது. கடன் தவணை தொடங்கியதும் முதலில் மெலிவது பெரும்பாலும் இத் தொகையே. பெற்றோர் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். "உனக்கே அங்கே ஆயிரம் செலவு" என்று கூறி விடுவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோ தங்கையோ அக் குறையைத் தம் கையிலிருந்து ஈடு செய்கின்றனர். நகரத்தில் எழும் வீட்டின் ஒரு சுவர் இவ்வாறு ஊரில் இருப்பவர் செலவில் எழுகின்றது. அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது.

'அனைத்தும் அவர்களுக்காகத்தானே? வீடு நாளை பிள்ளைகளுக்குத்தானே போகப் போகின்றது?' என்று கேட்கலாம். இதில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. பத்து வயதில் மறுக்கப்பட்டதை நாற்பத்தைந்து வயதில் வீடாகக் கொடுத்து ஈடு செய்ய முடியாது. பார்வை மங்கிய தாய்க்குப் புதுமனையின் வண்ணம் பயன்படாது. காலம் தவறிய கொடை பல வேளைகளில் கொடையாவதில்லை.

இதனால் குடும்பத்தார் ஒன்றையும் இழக்கலாகாது என்பது பொருள் அன்று. இழப்பைக் கூடிப் பேசி ஏற்கும்போது அதன் தன்மையே மாறிவிடுகின்றது. இத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை இல்லை என்பதன் காரணத்தை அறிந்த சிறுமி, குடும்பத்தின் முயற்சியில் தானும் ஒரு பங்காளி என்று உணர்கின்றாள். காரணம் அறியாத சிறுமி வறுமையை மட்டுமே உணர்கின்றாள். இருவரும் இழந்தது ஒன்றே. ஒருத்தி அதைத் தந்தாள். மற்றவளிடமிருந்து அது எடுக்கப்பட்டது. சேமிப்பின் அறம் இவ் வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

இரண்டாம் வீடு

குடியிருக்க ஒரு வீடு என்னும் எல்லையைத் தாண்டி, வாடகைக்கு விடவோ விலை ஏறியபின் விற்கவோ வாங்கும் வீட்டைக் குறித்து வேறு வகையாகச் சிந்திக்க வேண்டும். இங்கே தேவை என்னும் வாதம் இல்லை. ஆதாயம் என்னும் வாதமே உண்டு. ஆதாயம் தேடுவது குற்றம் அன்று. ஓய்வூதியம் இல்லாத பணியில் உள்ளவருக்கு வாடகை வருவாய் முதுமைக்கு ஊன்றுகோலாகும். ஆனால் ஊன்றுகோல் வாங்கக் காலையே விற்கலாகாது அல்லவா?

மேலே கூறிய 30 லட்சம் ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். விலையில் நூற்றுக்கு மூன்று ஆண்டு வாடகையாக வருமாயின் மாதம் 7,500 ரூபாய் கிடைக்கும். தவணை 24,300. இடையில் 16,800 ரூபாய்ப் பள்ளம். 'வாடகையே கடனைக் கட்டிவிடும்' என்று கூறுவோர் இப் பள்ளத்தைச் சொல்வதில்லை. அதனை மாதந்தோறும் நிரப்புவது குடும்பத்தின் உணவும் மருந்தும் கல்வியுமே. விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றே இதற்கு நியாயம். ஏறலாம், ஏறாமலும் போகலாம். தன் மிகுதியை வைத்து ஒருவர் இவ்வாறு துணிவது முயற்சி. வீட்டாரின் சோற்றை வைத்துத் துணிவதைச் சூதிலிருந்து பிரித்துக் காண்பது கடினம்.

ஊரில் மனை வாங்கிப் போடும் வழக்கமும் நம்மிடையே மிகுதி. கண் காணாத மனைக்குக் காவல் இல்லை. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, வெளிமாநிலங்களில் வாழ்ந்த தமிழர் பலர் தம் வாழ்நாள் சேமிப்பு எத்தகைய காகிதத்தில் உறங்குகின்றது என்பதை முதன்முதலாக உணர்ந்தனர். வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பாராமல், விடுமுறையில் சென்ற இரண்டே நாளில் மனை வாங்குவது துணிவு ஆகாது. பலர் பங்கில் சேர்ந்த பணத்தை ஒருவர் கவனமின்மையால் இழப்பதும் ஓர் அறப் பிழையே.

குடியிருப்போரும் உடைமையாளரும்

வாடகைக்கு விடும் வீட்டில் மற்றொரு மனிதர் வந்து சேர்கின்றார். அவர் யார்? நேற்றைய நாமே. இந் நகரங்களில் நம்முள் பலர் மொழியும் ஊரும் உணவும் கூறி வீடு மறுக்கப்பட்டவர்கள். 'மதராசி' என்று ஒரே சொல்லில் அடைக்கப்பட்டு, பதினொரு மாதத்துக்கு ஒரு முறை பெட்டி தூக்கியவர்கள். முன்பணத்தைத் திருப்பிப் பெற நடையாய் நடந்தவர்கள். இவ்வளவும் பட்டவர் சொந்த வீடு ஒன்றை வாடகைக்கு விடும்போது, பீகாரிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த இளைஞனிடம் அதே கேள்விகளைக் கேட்கலாமா? சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கலாமா? தவணை உயர்ந்த சுமையை அப்படியே வாடகையில் ஏற்றலாமா? சொத்து மனிதனை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை அறிய இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

விலை ஏற்றத்தை மட்டும் எண்ணி வீட்டைப் பூட்டி வைப்போரும் உளர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகர்ப்புறங்களில் ஆளின்றிக் கிடந்த கட்டடங்கள் ஒரு கோடிக்கு மேல். மறு ஆண்டு மைய அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று, நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடி 88 லட்சம் அளவில் உள்ளது என மதிப்பிட்டது. பூட்டிய கதவுகள் ஒருபுறம், கூரையற்ற தலைகள் மறுபுறம். சிறு வருவாயினர் வாங்கிப் பூட்டிய ஒரு வீட்டால் இந் நிலை விளைந்தது என்று கூற முடியாது. எனினும் பூட்டிய வீடு, நன்றியில் செல்வம் என்னும் தொடருக்கு நம் காலம் தந்த விளக்கம் என்பதை மறுக்க இயலாது.

பத்திரத்தில் உண்மை

நேர்மையாகச் சேமித்தவர் சந்திக்கும் கடைசிச் சோதனை பதிவு நாளில் வருகின்றது. விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகத் தருமாறு கேட்போர் உளர். மாதச் சம்பளக்காரரின் ஒவ்வொரு ரூபாயும் வரி செலுத்திய வெண்பணம். அதனைத் தம் கையாலேயே கறுப்புப் பணமாக்கித் தரும்படி அவரைக் கேட்கின்றனர். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கு மேல் முன்பணத்தை ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்துள்ளது. டில்லியில் நெடுங்காலம் வழங்கிய பொது அதிகாரப் பத்திர விற்பனை உரிமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. 2016ஆம் ஆண்டின் வீட்டு மனை ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுநர் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைக்கக் கட்டளையிட்டது. சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துள்ளது. 'எல்லோரும் செய்கின்றார்களே' என்னும் சொல்லுக்குச் சட்டத்திடம் மருந்து இல்லை. அம் மருந்து வாங்குவோர் உள்ளத்தில்தான் உண்டு. முப்பது ஆண்டு நோன்பைப் பொய்க் கையெழுத்தில் தொடங்குவதைவிட, வேறொரு வீட்டுக்காக இன்னும் ஓராண்டு வாடகை கொடுப்பது மேல்.

நிறைவாக

குடியிருக்க ஒரு கூரையைத் தேடிச் சேமிப்பது சிறு வருவாயினரின் உரிமை. பல வேளைகளில் கடமையும் ஆகும். அதற்கு மேற்பட்ட சொத்தைத் தேடுவதும் விலக்கப்பட்டது அன்று. ஆயின் அதனைத் தொடங்குமுன் குடும்பத் தலைவர் வரவு செலவுக் கணக்கை வீட்டார் அனைவர் முன்னும் விரித்து வைக்க வேண்டும். எதைக் குறைக்கப் போகின்றோம், எவருடையது குறையும், எத்தனை ஆண்டுக்கு என்பவற்றை மறைக்காமல் கூற வேண்டும். மருந்து, கல்வி, ஊருக்கு அனுப்பும் தொகை ஆகிய மூன்றையும் தொடாமல் சேமிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். இயலாது எனில், இன்னும் சில ஆண்டு காத்திருத்தலோ, சிறிய வீட்டை நாடுதலோ, எண்ணத்தையே கைவிடுதலோ இழிவு ஆகாது.

கடைசி வரை வாடகை வீட்டிலேயே வாழ்ந்து, கிடைத்ததையெல்லாம் பிள்ளைகளின் கல்விக்கும் பெற்றோரின் முதுமைக்கும் செலவிட்டு மறைந்த தமிழர் இந் நகரங்களில் பலர். அவர்கள் பெயரில் பத்திரம் இல்லை. நம் விழாக்களில் 'சொந்த வீடு உண்டா?' என்று கேட்டு மனிதரை எடை போடும் வழக்கத்தை நாம் விட்டொழித்தால், தகுதிக்கு மீறிக் கடன் பட்டு வருந்தும் குடும்பங்கள் பல அவ் வருத்தத்திலிருந்து தப்பும். அவ்வாறு விடுவது சங்கமாகக் கூடி வாழும் நம்மால் இயலக்கூடியதே.